கடல் தரையில் எண்ணெயையும் தண்ணீரையும் பிரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலுக்கு அடியில் ஒரு எஃகுத் தொட்டியை இறக்கி, அங்கேயே எண்ணெயையும் தண்ணீரையும் பிரிக்கிறார்கள் என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் கேட்பது, "மேலே வைத்துச் செய்ய வேண்டிய வேலையை எதற்குக் கீழே கொண்டுபோய் வைக்கிறார்கள்?" என்பதுதான். நியாயமான கேள்வி. அதிலிருந்து கிளைத்து வரும் மற்ற கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

எண்ணெய்க் கிணற்றில் தண்ணீர் எப்படி வந்தது?

வரவில்லை, முன்பே அங்கேதான் இருந்தது. நிலத்துக்கு அடியில் எண்ணெய் குளம் மாதிரி தேங்கிக் கிடப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பாறையின் நுண்துளைகளில் ஊறிக் கிடக்கிறது. அதற்குக் கீழே, பெரும்பாலும் அதே பாறையில், உப்புத் தண்ணீர் ஊறிக் கிடக்கிறது. எண்ணெயை எடுக்க எடுக்க அந்தத் தண்ணீர் மேலேறும். போதாக்குறைக்கு, பாறையில் அழுத்தம் குறைந்துவிடக் கூடாதே என்று நாமே கடல்நீரைப் பம்ப் செய்து உள்ளே தள்ளுகிறோம், அதுவும் ஒரு நாள் உற்பத்திக் கிணற்றில் எட்டிப் பார்க்கும்.

புதுக் கிணற்றில் கிட்டத்தட்டச் சுத்தமான எண்ணெய் வரும். வயதான கிணற்றில் நூறு லிட்டர் வந்தால் அதில் எண்பது, தொண்ணூறு லிட்டர் தண்ணீராக இருப்பது சாதாரணம். உலகம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் 1 பீப்பாய் எண்ணெய்க்குச் சுமார் 3 பீப்பாய் தண்ணீர் என்பது துறையில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பெயர்தான் எண்ணெய்த் தொழில், பாதி நாள் தண்ணீரோடுதான் மல்லுக்கட்டு.

சரி, வருகிற கலவையை அப்படியே மேலே கொண்டுவந்து பிரித்தால் என்ன?

பெரும்பாலான இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். சிக்கல் தொடங்குவது தண்ணீர் அதிகமாகும்போது.

10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். 1,000 மீட்டர் ஆழத்தில் இருக்கும் கிணற்றிலிருந்து கடலுக்கு மேலே நிற்கும் உற்பத்தி மேடை வரை போகும் குழாய் முழுக்கத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள், சுமார் 100 பார் அந்தத் தண்ணீரைத் தூக்கவே செலவாகிறது. அதே குழாயில் எண்ணெயும் வாயுவும் கலந்து வந்தால் குமிழிகள் கலவையை லேசாக்கிவிடும், சுமை பாதிக்கும் கீழே போகலாம். ஆக, தண்ணீர் கூடக் கூடக் கிணற்றின் தலையில் பாரம் ஏறுகிறது. கிணறு தரும் அளவு குறைகிறது. கடைசியில் உள்ளே எண்ணெய் இருந்தும் கிணறு நின்றுபோகிறது.

இன்னொரு பக்கம் மேடை. அதில் இருக்கும் தொட்டிகளும் பம்புகளும் ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீரைத்தான் கையாள முடியும் என்று அளவோடு கட்டப்பட்டவை. அந்த அளவைத் தண்ணீரே பிடித்துக்கொண்டால் பக்கத்தில் புதிதாகத் தோண்டிய நல்ல கிணற்றை இணைக்க இடமில்லை. கூடுதலாக ஒரு தொட்டி வைக்கலாமே என்றால் மேடையில் ஒவ்வொரு டன்னுக்கும் சண்டை.

தண்ணீரைக் கடல் தரையிலேயே கழற்றிவிட்டால் இரண்டு தலைவலியும் ஒரே நேரத்தில் குறையும். இதற்காகத்தான் இத்தனை பாடு. பிரிப்பது அவர்களுக்கு ஒரு வழி மட்டுமே, நோக்கம் தூக்காமல் இருப்பது.

எண்ணெயும் தண்ணீரும் தானாகவே பிரியுமே? அதற்கு ஏன் இவ்வளவு பெரிய இயந்திரம்?

பிரியும். எவ்வளவு நேரத்தில் என்பதுதான் கேள்வி.

கிணற்று மாதிரியைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து மேசையில் வைத்துப் பாருங்கள். முதலில் முழுக்கப் பழுப்பு நிறம். சில நிமிடங்களில் அடியில் கலங்கலாய்த் தண்ணீர் தெரியத் தொடங்கும். மேலே கறுப்பு எண்ணெய். இரண்டுக்கும் நடுவில் கோடு போட்ட மாதிரி எல்லை இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்: அங்கே காப்பித்தூள் நிறத்தில், நுரையும் மசியும் கலந்தாற்போல் ஒரு பட்டை நிற்கும். எண்ணெயும் இல்லை தண்ணீரும் இல்லை, இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்ட எமல்ஷன். பாட்டிலைச் சாய்த்தால் பட்டையும் சேர்ந்து மெதுவாகச் சாயும். சில எண்ணெயில் அது பத்து நிமிடத்தில் கரைந்துபோகும். சில எண்ணெயில் மறுநாள் வந்து பார்த்தாலும் அப்படியே இருக்கும். கடல் தரைத் தொட்டியின் முக்கால்வாசிப் பிரச்சினை இந்தப் பட்டைதான்.

இப்போது கணக்கு. எண்ணெய்க்குள் இருக்கும் தண்ணீர்த் துளி கீழே இறங்கும் வேகம் துளியின் விட்டத்தின் இருமடிப்படி கூடும், எண்ணெயின் பிசுபிசுப்பு கூடக் கூடக் குறையும். ஸ்டோக்ஸ் விதி என்பார்கள். தண்ணீரைப்போல் பத்து மடங்கு பிசுபிசுப்பான எண்ணெய், அடர்த்தி வித்தியாசம் கன மீட்டருக்கு 150 கிலோ என்று எடுத்துக்கொண்டால், 0.5 மில்லிமீட்டர் துளி 1 மீட்டர் இறங்க எட்டு நிமிடம்போல் ஆகும். துளி 0.1 மில்லிமீட்டர் என்றால் அதே 1 மீட்டருக்கு மூன்று மணி நேரத்துக்கும் மேல். தொட்டிக்குள் கலவை தங்குவதோ சில நிமிடங்கள்தான்.

அதனால் வேலை முழுக்கத் துளியைப் பெரிதாக்குவதில்தான் இருக்கிறது. குழாயில் கலவையைக் கலக்காமல் கொண்டுவருவது, நுழைவாயிலில் வேகத்தைத் தணிப்பது, எமல்ஷனை உடைக்கும் ரசாயனத்தைக் கொஞ்சம் விடுவது, சில வடிவமைப்புகளில் மின்புலம் வைத்துத் துளிகளை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது. இவை எல்லாமே அதற்குத்தான்.

மேலே பிரிப்பதைவிடக் கீழே பிரிப்பது கஷ்டம்தானே?

பராமரிப்பில் கஷ்டம். ஆனால் பிரிப்பதே எளிதாகிவிடும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

கிணற்றுக்குப் பக்கத்தில் கலவை இன்னும் சூடாக இருக்கிறது. சூட்டில் எண்ணெய் இளகியிருக்கும். அழுத்தம் அதிகம் என்பதால் லேசான வாயுக்கள் எண்ணெயிலேயே கரைந்திருக்கும், அதுவும் பிசுபிசுப்பைக் குறைக்கும். அப்புறம் முக்கியமானது: பல கிலோமீட்டர் குளிர்ந்த குழாய், தரையிலிருந்து மேடைக்கு ஏறும் செங்குத்துக் குழாயான ரைசர், மேலே ஓட்டத்தை நெருக்கிக் கட்டுப்படுத்தும் ஒரு சோக் வால்வு என்று இந்தக் கலவை இன்னும் மிக்சியில் போட்டு அடிக்கப்படவில்லை. துளிகள் பெரிதாகவே இருக்கின்றன. நான் படித்த வரையில் கடல் தரைத் தொட்டிகளுக்கு வந்த சங்கடங்களில் "எண்ணெயும் தண்ணீரும் பிரியவே மாட்டேன் என்கிறது" என்பது பின்வரிசையில்தான் நிற்கிறது.

இதை முதலில் எங்கே செய்தார்கள்?

ஆழமில்லாத கடலில் சோதனைகள் 1970களின் தொடக்கத்திலேயே உண்டு. உண்மையான எண்ணெய் வயலில், உண்மையான உற்பத்தியோடு, தண்ணீரைப் பிரித்துத் திரும்ப நிலத்துக்குள் செலுத்திய முதல் பெரிய அமைப்பு நார்வேயின் டிரோல் வயலில் வைத்த டிரோல் பைலட். நார்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் இயக்கியது, ஏபிபி கட்டியது. சுமார் 340 மீட்டர் ஆழம், டிரோல் சி மேடையிலிருந்து மூன்று கிலோமீட்டர் சொச்சம் தூரம். 2000இல் கீழே இறக்கினார்கள், ஒழுங்காக ஓடத் தொடங்கியது 2001இல்.

அங்கே ஏன் என்பதற்குக் காரணம் உண்டு. டிரோல் முதன்மையாக ஒரு பிரம்மாண்ட வாயு வயல். வாயுவுக்கும் தண்ணீருக்கும் நடுவே எண்ணெய் மெல்லிய ஏடாகக் கிடக்கிறது, நல்ல பகுதியிலேயே 25 மீட்டர் அளவுதான் தடிமன். படுக்கைவாட்டில் கிணறு தோண்டி அந்த ஏட்டை உறிஞ்சுகிறார்கள். கீழே தண்ணீர் காத்துக்கொண்டிருக்கிறது, சீக்கிரமே வந்துவிடும். தண்ணீரைப் பற்றி முதலில் கவலைப்பட வேண்டிய வயல் அது.

நாளொன்றுக்கு 10,000 கன மீட்டர் திரவம் கையாளும்படி கட்டியது. தண்ணீரைத் தனிக் கிணறு வழியாக நிலத்துக்குள் அனுப்பினார்கள். பைலட், அதாவது சோதனை முயற்சி, என்று பெயர் வைத்த சாதனம் பல வருடம் உழைத்தது.

டோர்டிஸில் ஏதோ கசிவு நடந்ததாமே?

நடந்தது. எனக்குக் கேட்டால் இந்தத் துறையில் நுழைகிறவர்கள் டிரோலைவிட டோர்டிஸைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

டோர்டிஸ் வடகடலின் நார்வேப் பகுதியில், சுமார் 200 மீட்டர் ஆழத்தில், குல்ஃபாக்ஸ் சி மேடையோடு இணைந்த வயல். 1994இல் உற்பத்தி தொடங்கி, தண்ணீர் ஏறிய பிறகு, ஸ்டாட்ஆயில் நிறுவனம் (இப்போது ஈக்வினார்) 2007இல் அங்கே முழுமையான கடல் தரை நிலையம் வைத்தது. தொட்டி மட்டும் சுமார் 17 மீட்டர் நீளம், 2.1 மீட்டர் விட்டம். பிரிப்பது, பம்ப் செய்வது, தண்ணீரை உள்ளே செலுத்துவது, மணலைக் கையாள்வது எல்லாம் ஒரே இடத்தில். வயலிலிருந்து எடுக்கக்கூடிய எண்ணெயின் பங்கை 49 சதவீதத்திலிருந்து 55 ஆக்கலாம் என்பது திட்டம்.

பிரிந்த தண்ணீரை அனுப்ப அவர்கள் நினைத்திருந்தது கடல் தரைக்குக் கீழே அதிக ஆழமில்லாத உட்சீரா என்ற மணற்பாறை அடுக்கை. மற்ற இடங்களில் அது நல்ல துளைகளுள்ள, எவ்வளவு ஊற்றினாலும் வாங்கிக்கொள்ளும் பாறை. ஆனால் தண்ணீர் செலுத்தும் கிணறு இறங்கிய இடத்தில் அப்படிப்பட்ட மணல் இல்லை. தண்ணீர் போக இடமில்லாமல் அழுத்தம் ஏறி, மேலே இருந்த அடுக்கைப் பிளந்து, 2008 மே மாதத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் கடல் தரையில் வெளியே வந்தது. அந்தக் கிணற்றில் செலுத்துவதை நிறுத்தினார்கள்.

கவனியுங்கள், தொட்டி தன் வேலையைச் செய்தது, பம்பும் செய்தது. தோற்றது பாறை, இன்னும் சரியாகச் சொன்னால், பாறையைப் பற்றிய அனுமானம். கடல் தரைப் பிரிப்பு பற்றி எழுதப்படும் விளம்பரத் தாள்களில் தொட்டியின் படம் முதல் பக்கத்தில் பளபளவென்று இருக்கும். தண்ணீர் போகும் பாறையைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி இருந்தால் அதிகம். எண்ணெய் போகும் வழி எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் போகும் வழியை யார் சோதித்தார்கள், எத்தனை நாள் செலுத்திப் பார்த்தார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

அந்தத் தண்ணீரைக் கடலிலேயே விட்டால் என்ன? கடல்தானே சுற்றிலும்?

மேடைகளில் சுத்தம் செய்துவிட்டுக் கடலில் விடுவது உண்டு, அதற்கு வரம்பும் உண்டு. வடகிழக்கு அட்லாண்டிக்கில் ஒஸ்பார் ஒப்பந்தத்தின்படி மாதச் சராசரியாக லிட்டருக்கு 30 மில்லிகிராம் எண்ணெய். அமெரிக்கக் கடற்பகுதியில் மாதச் சராசரி 29, ஒரு நாளின் உச்சம் 42.

புவியீர்ப்பில் மட்டும் பிரியும் ஒரு தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் இந்த அளவுக்கு வராது. கூடவே ஹைட்ரோசைக்ளோன் என்ற சுழல் குழாய்கள் வேண்டும். அதையும் வைத்துவிடலாம். ஆனால் நிரூபிக்க வேண்டுமே? மேடையில் ஒருவர் தினமும் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் கொடுக்கிறார். கடல் தரையில் யார் எடுப்பது? நம்பகமான அளவுகருவி வருடக்கணக்காக அங்கேயே நின்று வேலை செய்ய வேண்டும், அதன் கண்ணாடியில் மெழுகும் எண்ணெயும் படியாமல். டிரோல், டோர்டிஸ், பின்னால் பார்க்கப்போகும் பிரேசிலின் மார்லிம் மூன்றிலும் நிலத்துக்குள் செலுத்தும் வழியைத்தான் எடுத்தார்கள்.

நிலத்துக்குள் போகும் தண்ணீர் எப்படியிருந்தாலும் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நினைத்தால் சில மாதங்களில் கிணறு அடைத்துக்கொள்ளும். எண்ணெய்த் துளியும் பொடி மணலும் பாறைத் துளைகளை மூடும். பிறகு அதே அளவு செலுத்த அதிக அழுத்தம், அதிக அழுத்தத்தால் பாறை பிளக்கும் ஆபத்து.

ஆழம் கூடினால் என்ன மாறுகிறது?

தொட்டியின் உருவமே மாறுகிறது. வெளியிலிருந்து கடல் நசுக்குகிறது. உற்பத்தி நின்று உள்ளே அழுத்தம் இறங்கினாலும் தொட்டி சப்பளிந்துவிடக் கூடாது. விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் அதே நசுக்கலைத் தாங்கச் சுவரும் இரண்டு மடங்கு தடிமனாக வேண்டும், ஆக ஒரு மீட்டர் நீளத்தின் எடை நான்கு மடங்கு. அதனால் ஆழத்தில் குண்டுத் தொட்டியை விட்டுவிட்டு ஒல்லியான நீளக் குழாய்க்குப் போகிறார்கள். குழாய் ஒல்லி என்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: துளி இறங்க வேண்டிய தூரம் குறைவு.

பிரேசிலின் மார்லிம் வயலில் பெட்ரோப்ராஸ் இதைத்தான் செய்தது. சுமார் 870 மீட்டர் ஆழம், கனமான எண்ணெய். நீண்ட குழாய்ப் பிரிப்பான், அதற்கு முன்னால் வாயுவைக் கழற்ற ஒரு அமைப்பு, மணல் பிரிக்க ஒன்று, தண்ணீரை மேலும் சுத்தமாக்க ஹைட்ரோசைக்ளோன்கள். தண்ணீரை எண்ணெய் வந்த அதே பாறைக்கே திருப்பி அனுப்பினார்கள், அழுத்தத்துக்கும் ஆச்சு. இதற்கு முன் ஆழ்கடலில் கன எண்ணெயை வைத்து இப்படி யாரும் முயன்றதில்லை.

பஸ்ஃப்ளோர், பெர்டிடோ இதெல்லாம்கூடக் கடல் தரைப் பிரிப்புதானே?

ஆமாம், ஆனால் வேறு வகை. அங்கே பிரிப்பது வாயுவையும் திரவத்தையும். அங்கோலாவின் பஸ்ஃப்ளோரில் (2011, டோட்டல் நிறுவனம், சுமார் 800 மீட்டர்) மூன்று செங்குத்துத் தொட்டிகள் வாயுவைத் தனியே அனுப்ப, மிச்சத் திரவத்தைப் பம்ப் தூக்கிவிடுகிறது. மெக்சிகோ வளைகுடாவின் பெர்டிடோவில் (2010, ஷெல், சுமார் 2,450 மீட்டர்) கடல் தரைக்குள் 100 மீட்டர்போல் நீளமுள்ள உருளைகளைப் புதைத்து அதற்குள்ளேயே பிரித்துப் பம்ப் செய்கிறார்கள். வாயு கலந்தால் பம்புக்கு மூச்சு முட்டும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு. தண்ணீர் இரண்டிலும் எண்ணெயோடு சேர்ந்தே மேலே போகிறது. செய்தித் தலைப்புகளில் எல்லாமே "கடல் தரைப் பிரிப்பு" என்று ஒரே பெயரில் வருவதால் ஆளாளுக்கு எண்ணிக்கை மாறுகிறது. எண்ணெய்–தண்ணீர் என்று மட்டும் எடுத்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

தொட்டிக்குள் எது எந்த உயரத்தில் நிற்கிறது என்று மேலே இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

மேடையில் இருந்தால் பக்கவாட்டுக் கண்ணாடியில் எட்டிப் பார்க்கலாம், சின்னக் குழாய்களைத் திறந்து என்ன வருகிறது என்று பார்க்கலாம். கீழே அதெல்லாம் முடியாது. தொட்டிக்குள் செங்குத்தாக ஒரு தண்டை இறக்கி, அதில் மேலிருந்து கீழாகப் பல இடங்களில் அடர்த்தியை அளக்கிறார்கள். வலுக் குறைந்த கதிரியக்க மூலமும் எதிரே உணர்கருவியும் வைப்பது ஒரு வழி: நடுவில் வாயு இருந்தால் காமா கதிர் நிறையக் கடக்கும், தண்ணீர் இருந்தால் குறைவாகக் கடக்கும். மின்தன்மையை வைத்து அளப்பது இன்னொரு வழி, உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், எண்ணெய் கடத்தாது.

திரையில் ஒரு பட்டைப் படமாகத் தெரியும். எண்ணெய், தண்ணீர் இரண்டும் சரியாக இருந்தால் தெளிவான படி. நடுவில் எமல்ஷன் தடித்தால் அந்தப் படி சரிவாக மாறும். இயக்குபவர் உற்றுப் பார்ப்பது எண்ணை அல்ல, அந்தச் சரிவை. சரிவு கீழே நீண்டால் செலுத்தும் தண்ணீரில் எண்ணெய் போகப்போகிறது, பம்பின் வேகத்தைக் குறை. மேலே நீண்டால் எண்ணெயோடு தண்ணீர் போகும், அது பெரிய குற்றமில்லை.

மணல்?

வரும். அடியில் படிந்து இறுகினால் தொட்டியின் கொள்ளளவைத் தின்னும். கீழ்ப்பகுதியில் வரிசையாகப் பீச்சுமுனைகள் வைத்து, அவ்வப்போது அழுத்தத் தண்ணீரால் கலக்கி வெளியே தள்ளுவார்கள். பம்பு இறக்கைக்கு மணல் எமன், ஆகவே பம்பைச் சுற்றிக்கொண்டு போகும் வழியில் அனுப்புவது நல்லது.

ஆழ்கடல் குளிரில் உறைந்துபோகாதா?

ஓடும்போது கவலையில்லை, நின்றால்தான். ஆழ்கடல் தரையில் வெப்பநிலை 4 டிகிரி அளவு. அந்தக் குளிரில் 40 பார் அளவு அழுத்தமே போதும், மீத்தேனும் தண்ணீரும் சேர்ந்து ஹைட்ரேட் என்ற பனிக்கட்டி போன்ற திடப்பொருளாக இறுகக்கூடும். குழாயை அடைத்தால் எடுப்பது பெரும்பாடு. நிற்கும்போது ஹைட்ரேட் உண்டாகாமல் தடுக்க மெத்தனால் விடுவார்கள், அல்லது அழுத்தத்தை இறக்குவார்கள். தண்ணீரைக் கீழேயே கழற்றிவிட்டால் மேலே போகும் குழாயில் ஹைட்ரேட்டுக்கு மூலப்பொருளே குறைந்துவிடுகிறது, மெத்தனால் செலவும் குறையும். இந்த லாபத்தைப் பலர் கணக்கில் சேர்க்க மறக்கிறார்கள்.

பழுதானால் யார் போய்ச் சரிசெய்வது?

யாரும் போவதில்லை. அந்த ஆழங்களில் கேபிளில் இயங்கும் ரோபோதான் கை. ஆகவே கெட்டுப்போகக்கூடிய ஒவ்வொன்றும், அதாவது பம்ப், வால்வுக் கட்டுப்பாடு, அளவுகருவி எல்லாம், தனித்தனிப் பெட்டியாகக் கழற்றித் தூக்கும்படி செய்யப்படும். தூக்கக் கப்பல் வர வேண்டும், கடல் அமைதியாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைய வாரங்கள்கூட ஆகலாம். தொட்டி மட்டும் வயலின் ஆயுள் முழுக்க அங்கேயே. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் தொட்டியைப் பற்றிக் கவலைப்படுவார்கள், உள்ளே இருப்பவர்கள் தண்ணீருக்குள் சொருகும் மின் இணைப்பான்களைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். சில சென்டிமீட்டர் பிளக்கில் ஈரம் கசிந்தால் பல கோடி ரூபாய்ச் சாதனம் சும்மா நிற்கும்.

இவ்வளவு நன்மை இருந்தும் ஏன் எல்லா வயலிலும் இல்லை?

ஏனென்றால் போட்டிக்கு மலிவான வழிகள் இருக்கின்றன. கிணற்றுக்குள் வாயுவைச் செலுத்திக் கலவையை லேசாக்கலாம். பிரிக்காமலே கடல் தரையில் பம்ப் வைத்து மொத்தமாகத் தள்ளலாம். இந்தப் பம்புகள் இப்போது நன்றாகத் தேறிவிட்டன. தண்ணீர் வரும் பகுதியைக் கிணற்றுக்குள்ளேயே அடைக்கலாம். இதெல்லாம் போதாத இடத்தில்தான் பிரிப்பான்: தண்ணீர் மிக அதிகம், மேடையில் இடமில்லை, தண்ணீரை வாங்கிக்கொள்ளும் பாறை பக்கத்திலேயே இருக்கிறது, இன்னும் எடுக்க எண்ணெய் நிறைய மிச்சம். நான்கும் ஒரே வயலில் அமைவது அரிது.

யோசனை மட்டும் நிற்கவில்லை. பிரேசிலின் மெரோ வயலில் கரியமிலவாயு நிறைந்த வாயுவைக் கடல் தரையிலேயே பிரித்துத் திரும்பச் செலுத்தும் அமைப்புக்கு 2024இல் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். பிரிக்கும் பொருள் வேறு, காரணம் அதேதான்: மேலே மேடைக்குப் பதிலாக நிற்கும் உற்பத்திக் கப்பலில் இடமில்லை.

கீழே பிரித்த எண்ணெயில் தண்ணீரே இருக்காதா?

இருக்கும். சில சதவீதம், சில நாட்களில் பத்துக்குப் பக்கத்தில்கூட. விற்கும் எண்ணெயில் வழக்கமாக 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீரும் கசடும் கூடாது என்பதால் மேடையில் இன்னொரு முறை பிரித்தே ஆக வேண்டும். கடல் தரைத் தொட்டி மேடைத் தொட்டியை ஒழித்துவிடாது, அதற்கு வரும் கூட்டத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.